எண்ணாமல் விட்ட தம்பி

“இது பழையது திரும்பி வந்ததில்லை அம்மா. இது வேறை. புதுசு.”

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி கிளினிக்கில் அந்த இளம் பெண் டொக்டர் இப்படிச் சொன்னபோது பாலேஸ்வரிக்குப் பயத்தைவிடக் கோபந்தான் முந்திக்கொண்டு வந்தது. பதின்மூன்று வருடத்துக்கு முன், நாற்பத்துமூன்று வயதில், குடலில் வந்தது. வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டி மறுபடி முளைத்தது. நல்லூரில் தேரன்று வீதி முழுக்க விழுந்து கும்பிட்டு அடி அழித்து நேர்த்தியையும் முடித்தாள். அதோடு சனி விட்டது என்றுதான் இருந்தாள். இப்போது ஐம்பத்தாறு வயதில் கருப்பையில். பழையதே திரும்பி வந்திருந்தாலாவது தெரிந்த எதிரி என்று மனதைத் தேற்றலாம். புதிதாம்!

“ஏன் பிள்ளை, ஒரு ஆளுக்கு எத்தினை தரம்? ஊரிலை வேறை ஆக்கள் இல்லையோ?” என்று கேட்டேவிட்டாள்.

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

“கோவிக்காதேங்கோ அம்மா. புதுசு எண்டது உங்களுக்கு நல்ல செய்திதான். பழையது பரவியிருந்தால் கதை வேறை. இது வேளைக்கே பிடிபட்டது, கருப்பையோடை முழுசா எடுத்தாச்சு. ஆனா ஒரு ஆளுக்கே ரெண்டு இடத்திலை, ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாமல் வந்திருக்கு. அப்பிடியெண்டால் நாங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேக்கவேணும்.”

“அதுக்கேன் குடும்பம்? எல்லாம் அந்தக் கிணறு செய்த வேலை.”

கிணற்றின் கதை ஊரறிந்தது. பண்டத்தரிப்பில் அவர்களுடைய வளவுக்குள் இருந்தது நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றிவர எல்லா வளவிலும் உப்புச் சவர். பின்னேரமானால் அயலட்டைப் பெண்கள் குடத்தோடு வந்துவிடுவார்கள். கிணற்றடியில்தான் அவளுடைய சிறுவயது முழுக்கக் கழிந்தது. மூத்தவர் தியாகலிங்கம் அண்ணை துலாவில் தண்ணீர் அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருக்கும் தங்கச்சிமாரின் தலையில் ஊற்றுவார். முதல் வாளிக்கு இரத்தினம்மா அக்கா போடுகிற கூச்சல் கோயிலடிவரை கேட்கும். “ஆரையோ கொல்லுறாங்கள்” என்று றோட்டால் போகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள். கடைக்குட்டி பராசக்தி வாழைப்பாத்திக்குள் நின்று, ஓடிவருகிற தண்ணீரில் கால் நனைப்பாள். அந்தத் தண்ணீரின் குளிரை நினைத்தால் இப்போதும் பாலேஸ்வரிக்கு முதுகு சிலிர்க்கும்.

பிறகு ஒவ்வொருவராய்ப் போகத் தொடங்கினார்கள். எண்பத்தொன்பதில் ஐயா, வயிற்றுக்குத்து என்று படுத்தவர் எழும்பவில்லை. என்ன வருத்தமென்று பார்த்துச் சொல்ல அந்த நேரம் ஆர் இருந்தார்கள்? இரண்டாயிரத்து எட்டில் அண்ணை, குடலில். பதினொன்றில் அவளுக்கு. பன்னிரண்டில் அக்காவும் போய்விட்டாள், கருப்பையில். அந்தக் காலத்தில் வலிகாமம் முழுக்க ஒரே கதை: தோட்டத்து உரமும் நஞ்சும் ஊறி ஊறித் தண்ணீர் கெட்டுப்போச்சு. செத்தவீட்டுக்கு வந்த சனமும் அதையே சொன்னது. அக்காவின் அந்தியேட்டி முடிந்த கையோடு பாலேஸ்வரியும் கணவர் அருளம்பலமும் மேசன் பிடித்து, கிணற்றுக்குக் கொங்கிறீற் மூடி போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கான் தண்ணீர்தான் வாங்கிக் குடிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டொக்டர் ஒரேயொரு கேள்வி கேட்டார். “அயலட்டையும் அந்தக் கிணத்திலைதானே அள்ளினது? அவைக்கு ஒண்டும் வரேல்லையோ?”

பாலேஸ்வரி அயலட்டையை ஒவ்வொரு வீடாய் எண்ணிப் பார்த்தாள். பக்கத்து வளவு நல்லம்மா பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீர்தான் குடித்தாள். மூடி போட்டபோது “எனக்கு விசம் பரவாயில்லை, ஒரு குடம் விடுங்கோ” என்று சண்டைக்கும் வந்தாள். இப்போது எண்பத்தெட்டு வயது, இன்றைக்கும் முருங்கைக்காய் ஆய ஏணி வைத்து ஏறுகிறாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதானே? வாயில்லாத கிணற்றைப் பிடித்துப் பன்னிரண்டு வருடம் மறியலில் அடைத்துவிட்டார்களே!

டொக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குப் பெட்டி. வருத்தம் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்படிப்பாராம்.

“கூடப் பிறந்த ஆக்கள் எத்தினை பேர் அம்மா?”

“நாலு பேர். அண்ணை, அக்கா, நான், தங்கச்சி.” பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது மாதிரிச் சொன்னாள்.

டொக்டர் கேட்டது வயதும் வருத்தமும் மட்டுந்தான். பாலேஸ்வரிக்கு அவ்வளவோடு நிறுத்த முடியவில்லை. அண்ணை எந்தப் பாட்டுக்கும் பிழையான சொல் போட்டுத்தான் பாடுவார், அக்காவுக்கு மின்னலென்றால் பயம், ஐயா சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார், எல்லாம் சொன்னாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை. வெளியில் வரிசையில் நின்ற சனந்தான் புறுபுறுத்தது.

இரத்தம் கொழும்புக்குப் போய், ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. பரம்பரைதான். ஐயா வழியாக வந்தது.

“உடம்புக்குள்ளை நாளாந்தம் சின்னச் சின்னப் பிழை வரும் அம்மா. அதைத் திருத்திறதுக்கு உடம்பிலையே ஒரு ஏற்பாடு இருக்கு. உங்கடை குடும்பத்திலை அது பிறப்பிலையே கொஞ்சம் பழுது. அதுதான் ஒண்டு மாறினாலும் வேறையிடத்திலை இன்னொண்டு வருது. வருசா வருசம் குடலுக்குள்ளை கமரா விட்டுப் பாத்தால் வேளைக்கே பிடிக்கலாம். கூடப் பிறந்த ஒவ்வொருத்தருக்கும் இது இருக்கலாம், இல்லாமலும் விடலாம். பாதிக்குப் பாதி. கட்டாயம் சொல்லிப்போடுங்கோ.”

கனடாவில் இருக்கிற பராசக்திக்கு அன்றைக்கே சொன்னாள். அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். இருந்தது. குடலில் இரண்டு சின்னத் தசைவளர்ச்சி, கெட்டதாக மாறமுதல் நறுக்கி எறிந்துவிட்டார்களாம். “கிணத்தை மூடின மாதிரி என்ரை கதையையும் மூடப் பாத்தியள், தப்பிட்டன்” என்று போனில் சிரித்துச் சிரித்து அழுதாள்.

“அப்பாடா,” என்று பாலேஸ்வரி போனை வைத்தாள். “நாலு பேரிலை ரெண்டு பேர் போச்சினம். மிச்சம் ரெண்டு பேருக்கும், அக்கான்ரை மகனுக்கும் விசயம் தெரிஞ்சுபோச்சு. இனி ஒருத்தரும் இல்லை.”

அருளம்பலம் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அதிகம் கதைக்காத மனிசன். நிமிராமலே கேட்டார்:

“கோபிக்குச் சொன்னனீரோ?”

கோபிசங்கர் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. ஐந்தாவது. அவன் பிறந்து ஏழாம் மாதம், பிள்ளையில்லாத குணலட்சுமி சின்னம்மாவுக்கு, அம்மா தன் சொந்தத் தங்கைக்கு, அவனைக் குடுத்துவிட்டாள். மட்டுவிலுக்குக் கொண்டுபோய்க் குடுத்தபோது பாலேஸ்வரிக்கு எட்டு வயது. அதன்பிறகு அவன் சின்னம்மாவின் மகன். பிறப்புப் பத்திரம் அப்படித்தான் சொன்னது. அம்மாவை அவன் பெரியம்மா என்றான். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கதைப்பதில்லை. குடுத்த பிள்ளையைப் பெற்ற வீட்டில் எண்ணினால் வளர்த்தவளின் மனம் நோகும் என்று, கேட்பவர்களுக்கு “நாலு பேர்” என்று சொல்லும்படி அம்மாதான் பழக்கினாள். நாற்பத்தெட்டு வருடமாய் அவள் வாய் அப்படிச் சொல்லிப் பழகி, டொக்டருக்கு முன்னாலும் தம்பியை விழுங்கிவிட்டது. மற்ற எதற்கும் விட்டாலும் பரவாயில்லை. உயிர்ப் பிரச்சினைக்கு விட்டுவிட்டாளே பாவி!

மறுநாள் விடியவே கிளினிக் வாசலில் நின்றாள்.

“டொக்டர், நாங்கள் ஐஞ்சு பேர். ஒருத்தனை விட்டிட்டன்.”

கூடப் பிறந்தவனை ஒருத்தி எப்படி மறப்பாள் என்று டொக்டர் விழித்தார். குடுத்த கதையைச் சொன்னதும் ஒன்றும் கேட்கவில்லை. தாளை எடுத்து, பராசக்திக்குப் பக்கத்தில், அதே வரிசையில், இன்னொரு பெட்டி போட்டுப் பெயர் எழுதினார். ஒரு பிரதி எடுத்துக் கையில் குடுத்தார்.

மட்டுவிலுக்குப் போகிற பஸ்ஸில் பாலேஸ்வரிக்கு ஒரு யன்னல் சீற் கிடைத்தது. நாவற்குழிப் பாலம் வந்ததும் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வந்து முன்னால் நின்றது. சண்டை நெருங்கிவர, ஐப்பசி மழைக்குள் வலிகாமம் முழுக்க அந்தப் பாலத்தால்தான் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. அவர்கள் போனது சின்னம்மா வீட்டுக்கு. ஆறு மாதம். மூன்று அறை வீட்டில் இருபத்தாறு பேர். விறாந்தையில் பாயை விரித்தால் கால் வைக்க இடமில்லை. கோபிக்குப் பத்தொன்பது வயது. இருபத்தாறு பேருக்கும் அவன்தான் சைக்கிளில் கானைக் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தான்.

ஊரெல்லாம் ஒப்பாரி வைத்த காலம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பாலேஸ்வரியின் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோசமான காலம் கிடையாது. கோபியைக் குடுத்த பிறகு ஐந்து பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது அந்த ஆறு மாதந்தான். பின்னேரம் முன்னூற்றிநாலு சீட்டு விளையாடுவார்கள். தோற்றவர் காதில் குணுக்கென்று ஒரு தொங்கட்டான் கொழுவவேண்டும். தியாகலிங்கம் அண்ணை கோபியைச் சோடி சேர்த்துக்கொண்டு, துரும்புச் சீட்டை ஒளித்து, கள்ளமாய் அலாப்பி விளையாடி, அப்படியும் தோற்பார். இரண்டு காதிலும் குணுக்குத் தொங்க அண்ணை அரிசி வாங்கும் வரிசையில் போய் நின்ற நாள், கோபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உருண்டான். சிரிக்கும்போது அவனுக்கு அப்படியே ஐயாவின் முகம். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தபடியே இருப்பாள். சித்திரையில் திரும்பி வீட்டுக்கு வந்தபோது எல்லாருக்கும் சந்தோசம், அம்மாவுக்கு மட்டும் இல்லை.

கோபி தன் கராச்சில் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினுக்குக் கீழே படுத்திருந்தான். அவளைக் கண்டதும் எழும்பிக் கையைத் துடைத்தான்.

“என்னக்கா, சொல்லாமல் கொள்ளாமல்? ஒப்பிறேசன் செய்த உடம்போடை பஸ்ஸிலை வந்தனீங்களோ?”

மனைவி தயாளினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பாலேஸ்வரி விசயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

“எனக்கேன் அக்கா? நான் அந்தத் தண்ணி குடிச்சு வளரேல்லையே.”

“தண்ணியிலை ஒரு பிழையும் இல்லையடா. இது இரத்தம். ஐயான்ரை இரத்தம்.”

சொன்ன பிறகுதான் தெரிந்தது, இந்தச் சொல்லை இதுவரைக்கும் ஒருத்தரும் அவனுடைய முகத்துக்கு நேரே சொன்னதில்லை என்று. அவனுடைய சிரிப்பு நின்றது.

“எந்த ஐயா? என்ரை ஐயா இந்த வீட்டிலை செத்தவர். நான்தான் கொள்ளி வைச்சனான்.”

“கோபி…”

“பெரியம்மா செத்தண்டு நான் உங்கடை வீட்டு முத்தத்திலை நிண்டனான், ஞாபகமிருக்கோ? தேப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைசி எண்டதுதானே எங்கடை வழக்கம். அண்ணையும் அப்ப இல்லை. உரிமையோடை இருந்த ஆம்பிளை நான் ஒருத்தன். பெரியாக்கள் கூடிக் கதைச்சு, குடுத்த பிள்ளைக்கு உரிமையில்லை எண்டு, ஏ.எல். படிச்ச பிரவீணனைக் கூட்டிக்கொண்டுவந்து கொள்ளிச்சட்டியைக் குடுத்தவை. பேரன் வைக்கலாம், நான் வைக்கக்கூடாது. கொள்ளிக்கு நான் பிறத்தி. குடலுக்கு மட்டும் சொந்தமோ அக்கா?”

அன்றைக்கு அந்தப் பெரியவர்களுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றவர்களில் பாலேஸ்வரியும் ஒருத்தி. இரத்தினம்மா அக்காவின் மகன் பிரவீணன் சட்டியைத் தோளில் வைத்தபோது கோபி சனத்துக்குள் தலையைக் குனிந்து நின்றதை அவள் கண்டாள். கண்டும் காணாதமாதிரி நின்றாள்.

“அது பிழைதான்,” என்றாள். “நான் வாயைத் திறந்திருக்கவேணும். இன்னுமொண்டு செய்தனான், அதையும் சொல்லுறன், சேர்த்தே கோவி. டொக்டர் எத்தினை பேர் எண்டு கேட்டவ. நாலு பேர் எண்டு சொல்லிப்போட்டன்.”

கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள்.

“பேந்து போய்த் திருத்திக்கொண்டு வந்திருக்கிறன். பார்.”

அவன் விரலைச் சாரத்தில் இன்னொருமுறை துடைத்துவிட்டு வாங்கினான். மேலே ஐயா, அம்மா. கீழே ஒரு கோடு. கோட்டில் வரிசையாகத் தியாகலிங்கம், இரத்தினம்மா, பாலேஸ்வரி, பராசக்தி, கோபிசங்கர். பிறப்புப் பத்திரத்தில், பள்ளிக்கூட இடாப்பில், கலியாணப் பதிவில், வேறு எந்தக் கடதாசியிலும் அவன் பெயர் அந்த வரிசையில் இருந்ததில்லை. கராச் வாசலில் நின்று அதை நெடுநேரம் பார்த்தான்.

“உந்தக் கறுப்பு என்ன?”

“வருத்தம் வந்த ஆக்கள்.”

“நான் வெள்ளையோ?”

“தெரியாது. அதுக்குத்தானடா இரத்தம் குடுக்கச் சொல்லுறன். உனக்கும் ரெண்டு பெட்டைப் பிள்ளையள் இருக்கிறாளவை. அண்ணைக்கு வருத்தம் தெரியேக்கை ஒண்டும் செய்யேலாமல் போச்சு. உன்னையும் அப்பிடித் தூக்கிக் குடுக்க என்னாலை ஏலாது.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. “வராட்டி இந்த வாங்கிலையே படுத்திருப்பன். நீ லாண்ட்மாஸ்ரர் திருத்து, நான் கிடக்கிறன்.”

கோபி தாளை நாலாய் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தான். “எப்ப வரவேணும்?” என்றான்.

இரத்தம் குடுத்தான். அதற்குப் பிறகு வந்த ஐந்து கிழமையும் பாலேஸ்வரி பட்ட பாடு அவளுடைய இரண்டு வருத்தத்துக்கும் பட்டதில்லை. காலையில் பிள்ளையார், பின்னேரம் முருகன், வெள்ளிக்கிழமை தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் என்று ஒரு சாமியையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. “இன்னும் கொஞ்சம் விட்டால் சாமியள் இடம்பெயர்ந்திடும்” என்று அருளம்பலமே சொன்னார்.

பதில் வந்த அன்று இரண்டு பேரும் டொக்டருக்கு முன்னால் இருந்தார்கள். டொக்டர் கடிதத்தைத் திறக்கமுதலே சிரித்தார்.

“உங்களுக்கு அது இல்லை. எல்லாரையும் மாதிரித்தான் நீங்களும். உங்கடை பிள்ளையளுக்கும் இந்தப் பயமில்லை.”

“அப்பனே முருகா!” என்று பாலேஸ்வரி போட்ட சத்தத்தில் வெளியில் நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டொக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோபி நன்றி சொல்லிவிட்டு வெளியில் போய்விட்டான்.

அவள் தேடிப்போனபோது சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்து வேப்பமரத்தடியில் அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சந்தோசத்தில் அழுகிறான் என்று அவள் முதுகைத் தடவினாள்.

அவன் திரும்பினான். “இதிலையும் எனக்குப் பங்கில்லை, என்னக்கா?”

விசரா, வருத்தத்திலை ஆரும் பங்கு கேப்பினமோ என்று ஏசத்தான் வாயெடுத்தாள். நாற்பத்தெட்டு வயது மனிசன், மயிர் பாதி நரைத்துவிட்டது, ஒரு கான்சர் தனக்கில்லையென்று ஆஸ்பத்திரி வளவில் நின்று அழுகிறான். இவனை நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோம்!

“பெட்டிக்குள்ளை கறுப்படிக்கேல்லை, அவ்வளவுதான்,” என்றாள். “பெட்டி அங்கைதான் இருக்கு. ஒருத்தரும் அழிக்கேலாது.”

அவன் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டான்.

“இஞ்சை பார். வாற ஆவணியிலை அம்மான்ரை திவசம். இவ்வளவு நாளும் பிரவீணன் லண்டனிலை இருந்து ஐயருக்குப் போன்பண்ணிச் செய்விக்கிறான். இந்தமுறை நீ வா. நீ இருந்து செய்.”

“ஊர் ஒத்துக்கொள்ளுமோ? ஐயர் என்ன சொல்லுவாரோ?”

“ஐயரோடை நான் கதைக்கிறன். ரெண்டு கான்சரைக் கண்டவளுக்கு ஐயரோ பெரிசு?”

கோபிக்கு அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்தது. ஐயாவின் முகம். பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடம் கேட்கிற குரலில் கேட்டான்:

“பெரியம்மாவுக்கு என்ன கறி விருப்பம்? படைக்கவேணுமெல்லோ. எனக்குத் தெரியாது.”

பாலேஸ்வரி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“கத்தரிக்காய்ப் பால்க்கறி. அதுவும் மட்டுவில் கத்தரிக்காய்தான். எங்கடை ஊர்க் கத்தரிக்காய் சந்தையிலை மலிவாய்க் குவிஞ்சு கிடக்கும், தொடவும் மாட்டா. ‘மட்டுவிலிலை இருந்து ஆரும் வந்திருக்கினமோ’ எண்டு ஒவ்வொரு கடகமாய் விசாரிச்சுக்கொண்டு திரிவா. அவவுக்கு நாக்கு நீளம் எண்டு நாங்கள் எல்லாரும் பகிடி பண்ணுவம். கத்தரிக்காயைத்தான் தேடுறா எண்டு நினைச்சம். சாகிற வருசம் மட்டும் அப்பிடித் திரிஞ்சவ.”

கோபி சேட்டுக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“நான் கொண்டுவாறன்,” என்றான்.